காதலால் வீழும் நாயகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழும்பூர் மியூசியம் தியேட்டரில் யாராவது ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டால் போதும், அடுத்த வாரம் என்னிடம் கேள்விகள் வந்துவிடும். கேட்பவர்களில் பாதிப்பேர் ஆங்கில இலக்கியம் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள். மீதிப்பேர் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் பல்லாண்டுகளாக நாடகம் பார்த்துப் பழகியவர்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. எளியவற்றை முதலில் வைத்திருக்கிறேன். வம்பு பிடித்தவை பின்னால் வரும்.

துன்பியல் நாயகனிடம் ஒரு குறை இருந்தே தீர வேண்டும் என்கிறார்களே, இது யார் போட்ட சட்டம்?

சட்டம் அல்ல. அரிஸ்டாட்டில் தம் காலத்து கிரேக்க நாடகங்களைப் பார்த்துவிட்டு, எவை மனத்தை உலுக்கின, ஏன் உலுக்கின என்று யோசித்து எழுதியது. குற்றமே இல்லாத நல்லவன் அழிந்தால் நமக்கு அருவருப்புதான் வரும். கொடியவன் அழிந்தால் நிம்மதி வரும். இரண்டிலும் இரக்கமும் அச்சமும் சேர்ந்து வருவதில்லை. ஆகவே நம்மைவிட உயர்ந்த நிலையில் இருந்தாலும் நம்மைப் போன்ற ஒருவன், தீமையால் அல்லாமல் ஒரு பிழையால் வீழ வேண்டும் என்றார். அந்தப் பிழைக்கு அவர் வைத்த பெயர் ஹமார்ட்டியா.

அது குணத்தில் உள்ள குறையா, செய்த தவறா என்பதுதான் நீண்டகாலச் சண்டை. வகுப்பறைகளில் 'குணக்குறை' என்ற பொருள் வேரூன்றியதில் ஆங்கில விமர்சகர் ஏ.சி. பிராட்லி 1904-இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் விரிவுரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அரிஸ்டாட்டில் பேசியது செயலில் நேரும் பிழையைப் பற்றியே என்று இன்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். காரணம் அடுத்த பதிலில்.

காதல் நல்ல விஷயம்தானே? அதைப் போய் எப்படிக் குறை என்று சொல்வது?

சொல்லக்கூடாது என்பதே என் கருத்து. காதலிப்பதால் எந்த நாயகனும் வீழ்வதில்லை. காதலின் பொருட்டு, வேறு எந்த நாளிலும் செய்திருக்கக்கூடிய ஒரு விசாரணையைச் செய்யாமல் விடுகிறான். அங்கேதான் வீழ்கிறான். படை நடத்தத் தெரிந்தவன், வழக்குத் தீர்க்கத் தெரிந்தவன், ஆளை எடைபோடத் தெரிந்தவன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுகிறான்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரம் அரசன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. காமத்துப்பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அதில் ஒரு குறள்: 'காதன்மை கந்தா அறிவறியார்த் தேறுதல் பேதைமை எல்லாந் தரும்.' அன்பையே பற்றுக்கோடாகக் கொண்டு, அறிய வேண்டியதை அறியாதவரை நம்பினால் எல்லா மடமையும் வந்து சேரும். வள்ளுவர் காதலைக் குறை கூறவில்லை. ஆராய வேண்டிய இடத்தில் காதலைக் கொண்டுபோய் நிறுத்துவதைத்தான் குறை கூறுகிறார்.

ஒத்தெல்லோவின் குறை பொறாமை என்றுதான் எங்கள் வகுப்பில் சொன்னார்கள். காதல் எங்கிருந்து வந்தது?

சொன்னவர்கள் மேல் தவறில்லை, ஆனால் பொறாமை அவனிடம் ஏற்படும் விளைவு. கதை தெரியாதவர்களுக்காக: ஒத்தெல்லோ வெனிஸ் நகரத்தின் படைத்தலைவன், கறுப்பினத்தவன். உயர்குடிப் பெண் டெஸ்டிமோனாவை அவள் தந்தைக்குத் தெரியாமல் மணக்கிறான். அவனுடைய கொடிபிடிப்பவன் இயாகோ, அவளுக்கும் துணைத்தளபதி காசியோவுக்கும் கள்ளத் தொடர்பு என்று நம்பவைக்கிறான். ஒத்தெல்லோ மனைவியைக் கொன்று, உண்மை தெரிந்தபின் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். 1604-இல் லண்டனில் அரசவையில் நடிக்கப்பட்டதற்குப் பதிவு உண்டு.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இயாகோ விஷத்தை ஊற்றத் தொடங்கும்போது ஒத்தெல்லோ மிகத் தெளிவாகவே பேசுகிறான்: சந்தேகப்படுமுன் கண்ணால் பார்ப்பேன், சந்தேகம் வந்தால் நிரூபிப்பேன், நிரூபணமானால் ஒன்று காதலை விடுவேன், இல்லையேல் பொறாமையை விடுவேன் என்கிறான். நீதிபதி பேச்சு. அதே காட்சி முடிவதற்குள் மண்டியிட்டுப் பழிவாங்கச் சபதம் செய்கிறான். நடுவில் பார்த்தது எதுவும் இல்லை. ஒரு கைக்குட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டான், அவ்வளவுதான். காசியோவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சைப்ரஸ் தீவில் குடிபோதைச் சண்டை நடந்த இரவில்கூட எல்லோரையும் நிற்கவைத்து 'யார் தொடங்கியது' என்று கேட்டவன் இவன்தான்.

ஏன் கேட்கவில்லை? அவள் மேல் அவன் வைத்திருந்த காதலின் அளவு அது. அவளைக் காதலிக்காத நாள் வந்தால் உலகமே மீண்டும் குழம்பிப்போகும் என்று அதே காட்சியில் சொல்கிறான். அவ்வளவையும் ஒரே இடத்தில் வைத்தவனுக்கு, சந்தேகத்தோடு ஒரு வாரம் வாழ்வது முடியாத காரியம். நிச்சயம் வேண்டும், உடனே வேண்டும். கெட்ட நிச்சயமானாலும் சரி. முன்பு சொன்ன அதிகாரத்தின் கடைசிக் குறள் இவனுக்காகவே எழுதியதுபோல இருக்கும்: 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.' ஆராயாமல் இயாகோவை நம்பினான், நம்பியவளைச் சந்தேகித்தான். இரண்டு பிழையையும் ஒருவனே, ஒரே பிற்பகலில் செய்துவிட்டான்.

இந்த விஷயத்துக்கு ரோமியோ ஜூலியட்தானே முதல் உதாரணம்? ஏன் பின்னால் தள்ளினீர்கள்?

அங்கே தற்செயல் அதிகம். ஜூலியட் உயிரோடு இருக்கிறாள், குடித்தது நாற்பத்திரண்டு மணி நேரம் மயங்கவைக்கும் மருந்து என்று சொல்லி, அதைக் கொடுத்த துறவி எழுதிய கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை. கொண்டுபோன இன்னொரு துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டில் அடைத்துவிட்டார்கள். அதற்கு ரோமியோவின் காதல் என்ன செய்யும்? இரண்டு குடும்பங்களின் பகையும் அவன் உண்டாக்கியதல்ல.

இருந்தாலும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். அவள் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்ததும் ரோமியோ, 'துறவியிடமிருந்து கடிதம் ஏதும் இல்லையா?' என்று கேட்கிறான். சரியான கேள்வி. 'இல்லை' என்றதும் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு விஷம் வாங்கக் கிளம்புகிறான். பிறகு கல்லறையில், அவள் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறது என்று வாயாரப் புகழ்கிறான். உயிர் இருப்பதற்கான அடையாளத்தைப் பார்க்கிறான், அதை அழகாகவே எடுத்துக்கொள்கிறான், விஷத்தைக் குடிக்கிறான். ஆராயாமையை இதைவிடக் கொடுமையாக மேடையில் காட்ட முடியாது.

மார்க் ஆண்டனிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதானே கிளியோபாத்ராவின் பின்னால் போனான்? உங்கள் கணக்கு அங்கே இடிக்கிறதே?

இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போர். தரையில் போரிடலாம் என்று சொந்த ஆட்களே சொல்லியும் கேட்காமல் கடலில் இறங்கினான். நடுப்போரில் அவள் கப்பல்கள் திரும்பியதும், தன் படையை அப்படியே விட்டுவிட்டு அவனும் திரும்பினான். ஷேக்ஸ்பியரின் ஆண்டனி இதற்குச் சாக்குச் சொல்வதில்லை. உன் கப்பலின் சுக்கானோடு என் இதயம் கட்டப்பட்டிருந்தது உனக்குத் தெரியும் என்று அவளிடமே சொல்கிறான். இவன் ஏமாந்தவன் அல்ல. விலை தெரிந்து வாங்கியவன். அதனால்தான் ஒத்தெல்லோவுக்காக மனம் பதறுவதுபோல ஆண்டனிக்காகப் பதறுவதில்லை. கொஞ்சம் பொறாமைகூட வருகிறது.

ஆனால் அவன் சாவைப் பாருங்கள். கிளியோபாத்ரா இறந்துவிட்டாள் என்று பொய்ச் செய்தி வருகிறது, அனுப்பியவள் அவளே. உண்மையா என்று ஆளனுப்பிப் பார்க்காமல் வாளின் மேல் விழுகிறான். ரோமியோவின் பிழைதான். எத்தனையோ போர் கண்ட தளபதிக்கும் பதின்வயதுப் பையனுக்கும் அந்த நொடியில் வித்தியாசம் இல்லை.

நம் மரபில் துன்பியல் நாடகமே கிடையாது என்கிறார்களே?

பாதி உண்மை. வடமொழி நாடக இலக்கணம் மேடையில் சாவைக் காட்டுவதை விலக்கியது. முடிவு மங்கலமாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். சகுந்தலை துஷ்யந்தன் நினைப்பிலேயே ஆழ்ந்திருந்ததால் வாசலுக்கு வந்த துர்வாசரைக் கவனிக்காமல் சாபம் பெறுகிறாள். காதலால் நேர்ந்த அச்சுப்பிசகாத பிழை. ஆனால் கதை கூடலில் முடிந்துவிடுகிறது. வடமொழி நாடகாசிரியர்களில் பாசன் விதிவிலக்கு, 'ஊருபங்க'த்தில் துரியோதனன் மேடையிலேயே சாகிறான்.

தமிழில் கூத்துக்கு இந்தத் தயக்கம் இல்லை. சென்னையிலிருந்து காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் போனால் விடிய விடிய 'கர்ண மோட்சம்' பார்க்கலாம். பிறகு 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி மேடையேற்றியவரும் அவரே. அன்றைய சென்னை ரசிகர்களுக்கு நாயகன் சாவது புதிதாக இருந்திருக்கலாம், புரியாமல் இருந்திருக்காது. சிலப்பதிகாரம் அறிந்தவர்கள் அவர்கள்.

சிலப்பதிகாரம் என்றால் கோவலன்தானே? மாதவி மேல் கொண்ட மோகம்தானே அவன் குறை?

மேடைக் கோவலன் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த நாடகங்களைப் பார்த்தவர்கள் இதையே சொல்வார்கள். இளங்கோவின் கோவலன் சற்று வேறு. கானல்வரியில் மாதவி பாடியதைக் கேட்டு, இவள் மனம் வேறொருவனிடம் போய்விட்டது என்று முடிவுகட்டி எழுந்து போகிறான். ஒரு பாட்டுதான் சாட்சி. 'யாரை எண்ணிப் பாடினாய்?' என்று கேட்கவில்லை. அவன் பிழை காதலித்ததில் இல்லை, அந்தக் கடற்கரையில் கேட்காமல் போனதில் இருக்கிறது.

ஆனால் அவனுக்கு உண்மை தெரியவரும் இடம் மதுரைக்குள் நுழையுமுன்பே வந்துவிடுகிறது. கோசிகன் கொண்டுவந்த மாதவியின் கடிதத்தைப் படித்து, அவள் தீதிலள், தீது என்னுடையதே என்று உணர்ந்துவிடுகிறான். அதன்பின் அவன் கொல்லப்படுவது, அவன் குறையால் அல்ல, இன்னொருவர் குறையால்.

அந்த இன்னொருவர் யார்?

பாண்டியன் நெடுஞ்செழியன். என்னைக் கேட்டால், தமிழில் காதலால் வீழ்ந்த துன்பியல் நாயகன் என்று சொல்லத் தக்கவன் இவன்தான். பெரும்பாலும் இவனை வில்லன் வரிசையில் நிறுத்திவிடுகிறோம். மெரினா கடற்கரையில் 1968-இல் வைத்த கண்ணகி சிலை ஒற்றைச் சிலம்பை உயர்த்திக் கேட்கும் கேள்வி இவனிடம்தான் என்பதால், கேட்கப்பட்டவன் பக்கத்தை யோசிக்க நமக்குத் தோன்றுவதில்லை.

கொலைக்களக் காதையை எடுத்துப் பாருங்கள். அரசவையில் ஆடலும் பாடலும் நடக்கின்றன. ஆடல் மகளிரிடம் அரசன் உள்ளம் போய்விட்டது என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். அதை வெளிக்காட்டாமல், தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அரசன் மந்திரச் சுற்றத்தை விட்டுவிட்டு, அவளைத் தேடி அந்தப்புரம் நோக்கி நடக்கிறான். அந்த வழியில்தான் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். தேவியின் சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் ஆராயவில்லை. காவலர்களைக் கூப்பிட்டு, 'என் தாழ்பூங்கோதை'யின் சிலம்பு அவன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று அதை இங்கே கொண்டு வாருங்கள் என்கிறான். கொலை ஆணையின் நடுவே மனைவியைக் கொஞ்சும் சொல் ஒன்று. பொற்கொல்லன் எதிர்ப்பட்ட நேரம் அப்படி. ஊடல் தீர்க்கப் போகிறவன் கையில் தொலைந்த சிலம்பு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இளங்கோ இதைச் சொல்லவில்லை, என் ஊகம். ஆனால் அரசனை அவையில் அல்லாமல், அமைச்சர்கள் இல்லாத அந்த நடைவழியில் வைத்துப் பொற்கொல்லனைச் சந்திக்கவைத்தது இளங்கோதான். அவையில் இருந்திருந்தால் ஒருவராவது 'விசாரிப்போம்' என்றிருப்பார்.

இன்னொன்று. ஒத்தெல்லோவும் சந்தேகத்தை மறைக்கத் தலைவலி என்றுதான் சொல்கிறான். டெஸ்டிமோனா கைக்குட்டையால் நெற்றியைக் கட்டப் போகிறாள். சிறியது என்று அவன் தள்ளிவிட, அது கீழே விழுகிறது. அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. மதுரையிலும் சைப்ரஸிலும் ஒரு பொய்த் தலைவலி, ஓர் அணிபொருள், ஆராயாத ஒரு தீர்ப்பு. இளங்கோவை ஷேக்ஸ்பியர் படித்திருக்க வழியில்லை. காதலர்கள் மனவருத்தத்தை மறைக்கும் விதம் எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆனால் அது விதி என்று இளங்கோவே சொல்கிறாரே? விதி என்றால் குறை எதற்கு?

'வினைவிளை காலம் ஆதலின்' என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே அரசன் 'தேரானாகி' என்றும் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கிரேக்கத்து ஈடிபஸ் கதையிலும், தந்தையைக் கொல்வான் என்ற ஆருடம் முன்பே இருக்கிறது. ஆனாலும் முச்சந்தியில் ஆத்திரப்பட்டுக் தந்தை என்று அறியாமல் கிழவரை அடித்துக் கொன்றது அவன் கைதான். விதி நேரத்தைக் குறிக்கிறது, மனிதன் காரியத்தைச் செய்கிறான்.

பாண்டியன் விதியின் பின்னால் ஒளியவில்லை என்பது முக்கியம். கண்ணகி சிலம்பை உடைத்து, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும், 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறான். உண்மை தெரிவதும் நிலை கவிழ்வதும் ஒரே நொடியில் நடப்பதே சிறந்தது என்று அரிஸ்டாட்டில் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிரேக்கத்திலும் அரிது. அவன் சாய்ந்து விழுந்ததும் தேவியும் அவன் அடிதொழுது வீழ்கிறாள். தீராமலே போன ஊடல்.

கணவன் மனைவி காதல் மட்டும்தான் கணக்கா? பிள்ளைப் பாசம், நட்பெல்லாம் சேராதா?

சேரும். லியர் அரசன் மூன்று மகள்களிடமும் 'யாருக்கு என்மேல் அன்பு அதிகம்?' என்று கேட்டு, வாய்வீச்சுக்கு ஏற்ப நாட்டைப் பிரித்தவன். முதலில் சொன்ன 'காதன்மை கந்தா' குறளுக்கு அவனே உரை. ரோமானியத் தளபதி கொரியலேனஸ், தாய் மண்டியிட்டதும், தன்னை நாடுகடத்திய ரோம் நகரை அழிக்காமல் திரும்புகிறான். இது தனக்குச் சாவு என்று தெரிந்தே திரும்புகிறான். அவனை ஆண்டனி பக்கத்தில் உட்காரவையுங்கள். கர்ணனும் அந்த வரிசைதான்: பாண்டவர் தம்பியர் என்று தெரிந்த பின்னும் துரியோதனன் நட்பை விடவில்லை. கூத்தில் மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் இடத்தில் ஊரே அழும்; போகாதே என்று தடுப்பது ஒரு காதல், போகச் சொல்வது இன்னொன்று.

'மனோகரா'வில் அரசன் வசந்தசேனையிடம் மயங்கி மனைவியையும் மகனையும் வதைக்கிறானே, அவன் துன்பியல் நாயகனா?

இல்லை. அவன் நாயகனே இல்லை; நம் கண் முழுக்க மனோகரன் மேலும் பத்மாவதி மேலும்தான். மயக்கம் வேறு, காதல் வேறு என்ற வாதத்துக்கும் போக விரும்பவில்லை. யாருடைய வீழ்ச்சியை நாடகம் பின்தொடர்கிறது என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

இராவணன்?

இந்தக் கேள்வியில்தான் சபாக்களில் குரல் உயரும். கம்பன் இராவணன் சாவுக்குப்பின் மண்டோதரி வாயில் 'காதல்' என்ற சொல்லையே வைக்கிறான்: சானகியை மனச்சிறையில் கரந்த காதல் உள்ளே எங்காவது இருக்குமோ என்று தேடியா இராமன் அம்பு உடலெங்கும் துளைத்தது என்று அவள் புலம்புகிறாள். பெருமையும் கல்வியும் வீரமும் உடையவன் ஒன்றால் அழிகிறான். வடிவம் துன்பியல் வடிவம்தான். ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் இராவணனை நாயகனாக்கியபோது சென்னை ரசிகர்கள் திரண்டு வந்து பார்த்தார்கள்.

ஆனால் அவனை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. கேட்காமல் விட்டது அவன் பிழை அல்ல. விபீடணன் சொன்னான், கும்பகருணன் சொன்னான், மண்டோதரி சொன்னாள், சீதையே சொன்னாள். எல்லாம் கேட்டும் பிறர் மனைவியைச் சிறைவைத்தான். அரிஸ்டாட்டில் சொன்ன 'தீமையால் அல்லாமல்' என்ற நிபந்தனை இங்கே தவறிவிடுகிறது.

எல்லா உதாரணமும் ஆண்களாகவே இருக்கிறதே. பெண்ணுக்குக் காதல் குறையாவதில்லையா?

கிரேக்க மேடையில் அவர்கள்தான் அதிகம். மெடியா (கி.மு. 431), 'இப்போலிட்டஸ்' நாடகத்தில் வரும் ஃபீட்ரா (கி.மு. 428) இருவரையும் பாடத்திட்டத்தில் சந்தித்திருப்பீர்கள். நான் அதிகம் நேசிப்பது சோபோக்ளீஸின் தியானைராவை. கணவன் ஹெராக்ளீஸ் போரில் பிடித்த இளம்பெண்ணைத் தனக்கு முன்னதாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிறான். இவள் யாரையும் வையவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து இரக்கப்படுகிறாள். கணவன் மனத்தைத் திரும்பப் பெறுவதற்காக, என்றோ ஒரு குதிரைமனிதன் சாகும்போது கொடுத்த இரத்தத்தை வசிய மருந்து என்று நம்பி, மேலங்கியில் தடவி அனுப்புகிறாள். மருந்து தடவப் பயன்படுத்திய கம்பளிக் கொத்து வெயிலில் கிடந்து தானாகப் பொடிந்து போவதை அதற்குப் பிறகுதான் பார்க்கிறாள். சோதனை நடந்துவிட்டது, அங்கி போன பிறகு. ஹெராக்ளீஸ் அந்த அங்கியில் வெந்து, சாகும் நிலைக்கு வருகிறான். அவள் முன்னதாகவே வாளால் மாய்ந்துவிடுகிறாள்.

கடைசியில் இது 'பெண்ணால் கெட்டான்' என்று பழிபோடும் வழிதானே?

அப்படிப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். அதனால்தான் 'காதல் குறை' என்ற சூத்திரத்தையே நான் தவிர்க்கிறேன். ஒத்தெல்லோவின் காதல் அவன் குறை என்றால் டெஸ்டிமோனா அவன் நோய் என்று ஆகிவிடும். அவளோ கொலையுண்டு சாகும் தறுவாயிலும், செய்தது யார் என்ற கேள்விக்கு, நானே என்று சொல்லிக் கணவனைக் காக்கப் பார்த்தவள். கோப்பெருந்தேவி செய்தது என்ன? ஊடினாள். அது அவள் உரிமை. ஆராயாத பொறுப்பு, ஆராய வேண்டிய பதவியில் இருந்தவனுடையது.

தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

கிடைக்கும், சான்று காட்டினால். 'அளவுமீறிக் காதலித்தவன், அறிவோடு காதலிக்காதவன்' என்று ஒத்தெல்லோ தன்னைப் பற்றிச் சாகுமுன் சொல்வதைத் தீர்ப்பாக எடுத்து எழுதுகிறவர்கள்தான் அதிகம். அது குற்றவாளி தனக்காகச் செய்துகொள்ளும் வாதம். அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்று எழுதுங்கள், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். பிறகு மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியில் அவன் போட்ட நிபந்தனையையும் அதை அவனே மீறுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாண்டியனை ஒப்பிட விரும்பினால் ஒரே பத்தியில் முடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தாள் அது. தமிழ்த் தாளில் என்றால் கணக்கை அப்படியே திருப்பிப் போடலாம்.

எங்கள் கல்லூரி நாடகத்தில் நான் ஒத்தெல்லோ. பொறாமையைக் காட்ட எங்கே தொடங்க வேண்டும்?

முதல் இரண்டு அங்கங்களில் தொடங்க வேண்டாம். சைப்ரஸில் கரையிறங்கி அவளைப் பார்த்ததும், இந்த நொடியில் செத்தாலும் சரி என்று சொல்கிறானே, அந்த இடத்தை முழு மகிழ்ச்சியோடு செய்யுங்கள். ஓரப்பார்வை, பல்கடிப்பு எதுவும் வேண்டாம். அது அரங்கின் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்துவிட்டால் மூன்றாம் அங்கத்தில் நீங்கள் கத்தவே தேவையிருக்காது. கைக்குட்டையை மட்டும் நன்றாகத் தெரியும்படி கீழே விழவிடுங்கள். இயாகோவின் மனைவி எமிலியா எடுக்கும்வரை யாரும் அதை மறைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.